ஒரே டின் ஆயில் இரண்டு வண்டிக்கும் ஆகுமா?

ஒட்டன்சத்திரம் பகுதியிலிருந்து ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருக்கிறார்:

"என்னிடம் 45 குதிரைத்திறன் டிராக்டர் இருக்கிறது. வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. போன வருடம் கடன் போட்டு பி.எஸ்-6 டீசல் பிக்கப் வண்டி எடுத்தேன். காய்கறியை அதில்தான் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறேன். இப்போது இரண்டுக்கும் ஆயில் மாற்ற வேண்டும். கடைக்காரர், 'ஐரோப்பியத் தரம், முழு சிந்தெடிக். பெரிய டின்னாக வாங்கி இரண்டுக்கும் ஊற்றுங்கள். எஞ்சினைத் திறக்கவே வேண்டியிருக்காது' என்கிறார். சாதா ஆயிலைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை. வாங்கலாமா?"

டின்னின் பின்பக்கத்தில் இருந்த விவரத்தையும் எழுதி அனுப்பியிருக்கிறார்: 5டபிள்யூ-40, ஏ3/பி4. அவருடைய பிக்கப்பின் கையேடு கேட்பது 5டபிள்யூ-30, சி3. டிராக்டரின் கையேடு கேட்பது 15டபிள்யூ-40, சி.ஐ-4. ஆக, அந்த விலை உயர்ந்த டின் இரண்டு வண்டிக்குமே பொருந்தாது. ஆயில் மட்டமானது என்று அர்த்தமில்லை. அது வேறு வகை எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது, அவ்வளவுதான்.

சிந்தெடிக் வேறு, ஐரோப்பியத் தரம் வேறு

கடைகளில் இந்த இரண்டு சொல்லையும் சேர்த்தே சொல்கிறார்கள். உண்மையில் இரண்டும் வேறு வேறு.

சிந்தெடிக் என்பது அடிப்படை எண்ணெய் எப்படித் தயாரானது என்பதைச் சொல்கிறது. கச்சா எண்ணெயைச் சாதாரணமாகச் சுத்திகரித்தால் மினரல் ஆயில். கடுமையான முறையில் சுத்திகரித்தோ, வேதியியல் முறையில் உருவாக்கியோ எடுத்தால் சிந்தெடிக். இது கடுங்குளிரில் உறையாமல் ஓடும். அதிகச் சூட்டிலும் எளிதில் கெடாது.

தரம் என்பது அந்த ஆயில் எந்தச் சோதனைகளில் தேறியது என்பதைச் சொல்கிறது. அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் குறியீடு ஏ.பி.ஐ. அதில் 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு, 'சி' என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு. சி.எச்-4, சி.ஐ-4, சி.கே-4 என்று எழுத்து முன்னேற முன்னேற, தரம் புதியது. நம் ஊர்க் கடைகளில் 'சாதாத் தரம்' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் குறியீடு ஏ.சி.இ.ஏ. 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் தனித்தனிக் குடும்பங்கள் உண்டு. ஏ/பி என்பது கார் மற்றும் சிறிய டீசல் வண்டிகளுக்கு. சி என்பது புகை வடிகட்டி உள்ள கார் மற்றும் சிறிய வண்டிகளுக்கு. இ என்பது லாரி போன்ற கன ரக டீசல் எஞ்சின்களுக்கு. எனவே 'ஐரோப்பியத் தரம்' என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த எழுத்து, எந்த எண் என்று கேட்க வேண்டும்.

சுண்ணாம்பும் சாம்பலும்

வாசகரின் பிக்கப்புக்கு ஏ3/பி4 ஏன் ஆகாது? இதை நிலத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு இட்டுச் சரிசெய்கிறோம். டீசல் எரியும்போது அதிலுள்ள கந்தகத்தால் எஞ்சினுக்குள்ளும் அமிலம் உண்டாகிறது. அதை முறிக்க ஆயிலில் கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த பொருள்களைக் கலக்கிறார்கள். எஞ்சினுக்கான சுண்ணாம்பு என்றே இதைச் சொல்லலாம். இந்த இருப்பை அளக்கும் எண்தான் டி.பி.என். ஏ3/பி4 ஆயிலில் அது குறைந்தது 10 இருக்க வேண்டும். சி3 ஆயிலில் 6 இருந்தால் போதும்.

இதைப் பார்த்தால் ஏ3/பி4 தானே உசத்தி என்று தோன்றும். ஆனால் இந்தச் சுண்ணாம்புக்கு ஒரு மறுபக்கம் உண்டு. எஞ்சினில் கொஞ்சம் ஆயில் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். எரிந்த பிறகு கால்சியமும் துத்தநாகமும் சாம்பலாக மிஞ்சும். பழைய வண்டியில் அது சைலன்சர் வழியே போய்விடும். பி.எஸ்-6 டீசல் வண்டியில் டி.பி.எஃப் என்ற புகை வடிகட்டி வழியில் நிற்கிறது.

விறகு அடுப்பில் கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. வடிகட்டியிலும் அதே கதைதான். அதில் சேரும் புகைக்கரியை வண்டி அவ்வப்போது சூடேற்றித் தானே எரித்துக்கொள்கிறது. ஆயிலிலிருந்து வந்த சாம்பல் மட்டும் உள்ளேயே தங்கும். ஏ3/பி4 ஆயிலில் சாம்பல் அளவு 1 விழுக்காட்டிலிருந்து சுமார் ஒன்றரை விழுக்காடு வரை இருக்கும். சி3 ஆயிலில் 0.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தவறான ஆயிலை ஊற்றினால் முதல் மாதத்தில் ஒன்றும் தெரியாது. வடிகட்டி கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டு, இழுவை குறைந்து, விளக்கு எரியும்போதுதான் தெரியும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் மாற்றுவதும் பெரிய செலவு. கடன் தவணை ஓடும் வண்டி செட்டில் நிற்பது அதைவிடப் பெரிய நட்டம்.

அப்படியானால் குறைந்த சுண்ணாம்பு பி.எஸ்-6 வண்டிக்குப் போதுமா? போதும். பி.எஸ்-3 காலத்து டீசலில் கந்தகம் 350 பி.பி.எம் வரை இருந்தது. பி.எஸ்-4 டீசலில் 50. 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்-6 டீசலில் 10 தான். அமிலம் குறைந்ததால் அதை முறிக்கும் பொருளும் குறைவாகவே போதும்.

டிராக்டருக்கு என்ன தேவை?

ரோட்டவேட்டர் போட்டு உழும்போதும் சேற்றுழவிலும் டிராக்டர் எஞ்சின் மணிக்கணக்கில் முழுச் சுமையோடு ஓடுகிறது. ஆயிலில் புகைக்கரி அதிகம் சேரும். அந்தக் கரியைக் கட்டிதட்ட விடாமல் தாங்குவதுதான் சி.ஐ-4 போன்ற கன ரக டீசல் தரத்தின் வேலை. கார்களுக்கான ஏ3/பி4 அந்தச் சோதனைகளுக்கு உட்பட்டதல்ல. டிராக்டருக்கு ஐரோப்பியக் குறியீட்டில் தேட வேண்டுமானால் இ குடும்பத்தில்தான் தேட வேண்டும். நல்ல சி.ஐ-4 டின்கள் பலவற்றில் இ7 என்றும் சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள்.

ஐரோப்பிய ஆயிலின் பெரிய பெருமை, 150 டிகிரிச் சூட்டில் பேரிங் இடுக்கில் நசுங்கும்போதும் நீர்த்துப்போகாத கெட்டித்தன்மை. சாதாத் தர 5டபிள்யூ-30 ஆயிலுக்கு இதன் குறைந்தபட்ச அளவு 2.9. ஐரோப்பிய ஏ3/பி4, சி3 இரண்டுக்கும் 3.5. கார்களில் இது நல்ல வித்தியாசம். ஆனால் 15டபிள்யூ-40 என்று டின்னில் போடுவதற்கே இந்த அளவு 3.7 இருந்தாக வேண்டும். டிராக்டர்க்காரர் கூடுதல் காசு கொடுத்துத் தேடும் கெட்டித்தன்மை, சாதா 15டபிள்யூ-40 டின்னிலேயே இருக்கிறது.

குளிர் விஷயமும் அப்படித்தான். 'டபிள்யூ' எழுத்துக்கு முன்னுள்ள எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதைக் குறிக்கும். 15டபிள்யூ ஆயிலைச் சோதிப்பது மைனஸ் 20 டிகிரியில். ஊட்டியில் மார்கழி, தை உறைபனியிலேகூட அவ்வளவு குளிர் கிடையாது.

செலவையும் பார்த்துவிடலாம். டிராக்டருக்கு ஏழரை லிட்டர் ஆயில், சிந்தெடிக்குக்கு லிட்டருக்கு 300 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு 2,250 ரூபாய் அதிகம். 250 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினால், ஓட்டும் ஒவ்வொரு மணிக்கும் 9 ரூபாய். அதிக மணி நேரம் ஓட்டினால்தான் அந்தப் பணம் திரும்பும். கையேட்டில் சொன்ன கெடுவைத் தாண்டி ஓட்டுவதோ ஆபத்து. வாரண்டி இருந்தால் அதுவும் போகலாம். நம் வயல் புழுதியில் ஆயிலைக் கெடுப்பது சூட்டைவிடத் தூசிதான். அந்த 2,250 ரூபாயில் ஆயில் ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றி, ஏர் கிளீனரையும் ஒழுங்காகப் பராமரித்தால் எஞ்சினுக்கு அதிக ஆயுள் கிடைக்கும்.

ஒரு விதிவிலக்கு. 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு டிரெம்-4 புகை விதி வந்துவிட்டது. அந்த வகை டிராக்டர் வைத்திருப்பவர்கள் பழைய பழக்கத்தில் ஆயில் வாங்காமல், கையேட்டைப் பார்த்தே வாங்க வேண்டும். சாம்பல் 1 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டிய சி.கே-4 ஆயிலை அதில் கேட்டிருக்கலாம்.

ஆக, வாசகர் செய்ய வேண்டியது

பிக்கப்புக்கு சி3, 5டபிள்யூ-30. இதில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. டிராக்டருக்கு சி.ஐ-4, 15டபிள்யூ-40 மினரல் ஆயில், ஃபில்டரோடு. இரண்டு டின்னையும் தனித்தனியாக வைத்து, மூடியில் பெயிண்டால் வண்டியின் பெயரை எழுதிவிடலாம். வீட்டில் யார் எடுத்து ஊற்றினாலும் மாறிப்போகாது. கடையில் விலையையும் முன்பக்கப் படத்தையும் பார்ப்பதற்கு முன், பின்பக்கத்தில் உள்ள எண்ணைக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். கையேடு தொலைந்திருந்தால், டீலரிடம் வண்டி மாடலைச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

இதையொட்டி வாசகர்கள் கேட்கும் வேறு கேள்விகள்

*மாற்றிய சில நாளிலேயே டிராக்டர் ஆயில் கறுத்துவிடுகிறது. போலி ஆயிலா?*

கறுப்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. டீசல் எஞ்சினில் நல்ல ஆயில் கரியைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதால் சீக்கிரம் கறுக்கும். பால் போல வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டிப் ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தால் டீசல் கலந்திருக்கலாம். இரண்டில் எது நடந்தாலும் ஓட்டுவதை நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

*கார் சிந்தெடிக் ஆயில் மிச்சம் இருக்கிறது. கியர் பைக்குக்கு ஊற்றலாமா?*

வேண்டாம். பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது. உராய்வைக் குறைக்கும் கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டின்னில் ஜாசோ எம்.ஏ அல்லது எம்.ஏ2 என்று இருக்க வேண்டும்.

*டிராக்டரின் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் எஞ்சின் ஆயிலையே ஊற்றலாமா?*

எண்ணெயில் நனையும் பிரேக் உள்ள டிராக்டரில் அதற்கென்று தனி ஆயில் உண்டு. கையேட்டில் அனுமதி இருந்தாலொழிய எஞ்சின் ஆயிலை ஊற்றக் கூடாது. டிரெய்லரில் பாரம் ஏற்றி இறக்கத்தில் வரும்போது பிரேக்தான் உயிரைக் காப்பாற்றுகிறது.