நாடகத்திலும் முதுகலை உண்டு

நாடகத்தில் முதுகலைப் பட்டம் என்றதும் ஒப்பனை, வசனம், கைத்தட்டல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் நான் அதிக நேரம் உட்கார்ந்திருப்பது நூலகத்தில். என்னுடையது ஆய்வு வழி முதுகலை. ஆய்வு முன்மொழிவு, களப்பணி, ஆய்வேடு, கடைசியில் வாய்மொழித் தேர்வு. மேடை ஏற ஆசைப்படுகிறவர்கள் செய்முறை சார்ந்த படிப்பைத் தேடிக்கொள்வது நல்லது.

என் தலைப்பு பங்சாவான். மலாய்க்காரர்களின் மேடைக்கலை, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்டார்கள். தொடர்பு பினாங்கிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் கப்பலேறி இங்கு வந்தன. வரைந்த திரைச்சீலைகள், ஹார்மோனியம், தபேலா, பாட்டும் ஆட்டமும் கலந்த ராஜா ராணிக் கதைகள். மொழி புரியாதவர்களும் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். 1885இல் மாமாக் பூஷி என்பவர் அதே பாணியை மலாய் மொழிக்குக் கொண்டுவந்து 'பூஷி இந்திரா பங்சாவான்' குழுவைத் தொடங்கினார். லக்னோவில் உருது மொழியில் எழுதப்பட்ட 'இந்திர சபா' கூட இப்படித்தான் மலாய் மேடைக்கு வந்தது. இதையெல்லாம் விரிவாகப் படிக்க நினைப்பவர்களுக்கு, இதே பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் பணியாற்றிய பேராசிரியர் டான் சூய் பெங் 1993இல் வெளியிட்ட பங்சாவான் நூல் இருக்கிறது.

அந்த நூலைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று பொறி தட்டியது. பார்சி மேடையின் அதே தாக்கம் தமிழ்நாட்டிலும் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) காலத்து நாடகங்களிலும் ஹார்மோனியமும் வரைந்த திரையும்தான். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் தனித்தனியாக வந்து, ஒத்திகை இல்லாமலே ஒரே மேடையில் சேர்ந்து நடிப்பார்கள். பங்சாவானிலும் முழு வசனம் எழுதிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. கதைப்போக்கைச் சொல்லிவிட்டால் மற்றதை நடிகர் பார்த்துக்கொள்வார். காட்சி மாறும் இடைவெளியில் அங்கே 'எக்ஸ்ட்ரா டர்ன்' பாட்டும் நடனமும் உண்டு. இந்த இரண்டும் ஒரு வகையில் பங்காளிகள் என்பதே என் ஆய்வின் மையம். மேற்பார்வையாளர் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "சான்று எங்கே?" என்று ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்கிறார்.

சான்று தேடுவதில்தான் சிக்கல். தோட்டத்துத் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' நடித்தவர்கள் நம் குடும்பங்களிலேயே இருந்தார்கள். என் தாத்தா நாரதர் வேடம் கட்டியவர். அவர் பாடிய ஒரு பாட்டுகூட எங்களிடம் பதிவாக இல்லை. மேடையில் நிற்கும் புகைப்படம் ஒன்றே ஒன்று இருக்கிறது, அதிலும் முகம் மங்கிவிட்டது. இதனால்தான் மாக் மண்டினில் வீடு வீடாகப் போய் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் கைப்பேசியை வைத்துப் பேச்சு எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் எம்.ஜி.ஆர். கதைக்குப் போய்விடுகிறார்கள். அதையும் அழிப்பதில்லை.

இனி வேலை விஷயம். வீட்டில் அம்மா கேட்டது, "இதைப் படிச்சிட்டு யாரும்மா சம்பளம் குடுப்பா?" விரிவுரையாளர் பணி, கலை நிகழ்ச்சி நிர்வாகம், வானொலி, தொலைக்காட்சிக்கு எழுதுவது, பள்ளிகளில் நாடகப் பயிற்சி என்று வழிகள் உண்டு. எதுவும் உறுதி இல்லை என்பதையும் அம்மாவிடம் மறைக்கவில்லை. வாரக் கடைசியில் டியூஷன் எடுத்துத்தான் என் செலவைப் பார்த்துக்கொள்கிறேன்.

மலாயாப் பல்கலைக்கழகத்திலும் நிகழ்கலையில் முதுகலை உண்டு. தமிழ் நாடகத்தையே மையமாக வைத்துப் படிக்க விரும்புகிறவர்கள் புதுவைப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். அங்கே சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் தொடங்கிய நிகழ்கலைப் பள்ளிக்கு முதலில் பொறுப்பேற்றவர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி. வெளிநாட்டுப் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எம்.கியூ.ஏ.விடம் விசாரித்துவிடுங்கள். உங்கள் வீட்டில் ஹார்மோனியம் வாசித்த, வேடம் கட்டிய தாத்தா பாட்டி இருந்தால், அவர்களிடம் இந்த வாரமே பேசிப் பதிவு செய்து வையுங்கள்.