வாயில்லாச் சீவன்களும் புற்றுநோய் வைத்தியமும்

தருமபுத்திரர் சுவர்க்க வாயிலை அடைந்தபோது, தம்மைத் தொடர்ந்து வந்த நாயைப் புறத்தே விட்டுவிட்டு உள்ளே செல்ல மறுத்தார் என்று பாரதக் கதை கூறுகின்றது. மனிதனுக்கும் நாய்க்கும் உள்ள உறவு அத்துணைப் பழமையானது. ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் வாழும் மக்களுக்கு இதனைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. பசறையிலும் மடுல்சீமையிலும், அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும், லயத்து வாசலில் நாய் படுத்திருப்பதையும் அடுப்பங்கரையில் பூனை சுருண்டிருப்பதையும் காணலாம். காலையில் கொழுந்து பறிக்கச் செல்வோரைத் தொடர்ந்து மலைக்குச் சென்று, மாலையில் அவர்களோடு திரும்பும் நாய்களும் உண்டு.

மனிதரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, அவர்கள் குடிக்கும் பீலித் தண்ணீரையே குடித்து, அவர்கள் சுவாசிக்கும் அடுப்புப் புகையையே சுவாசிக்கும் இச்சீவன்களுக்கு, மனிதரைப் பீடிக்கும் நோய்கள் சிலவும் வருவதில் வியப்பில்லை. அவற்றுள் ஒன்று புற்றுநோய். நாய்க்கும் பூனைக்கும் புற்றுநோய் வரும் என்பதையே அறியாதோர் பலர். அந்நோயை முறையாக ஆராய்ந்து வைத்தியம் செய்வதனால் அவை பிழைப்பது மட்டுமன்றி, மனிதருக்குரிய வைத்தியமும் செம்மையடைகின்றது. அது எவ்வாறு என்பதே இங்கு விளக்கப்படுவது.

உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் அணுவும் வேண்டிய காலத்தில் பிரிந்து பெருகி, வேண்டாத காலத்தில் ஓய்ந்து நிற்கும். இந்த ஒழுங்கை மீறி ஓரணு தன் போக்கிலே பெருகத் தொடங்குமாயின், அதுவே புற்றுநோயின் தோற்றுவாயாகும்.

இந்நோய்க்கு மருந்து தேடும் விஞ்ஞானிகள் பெரும்பாலும் எலிகளிடத்தே முதலிற் சோதனை செய்வர். அந்த எலிகள் ஒரே குலத்திற் பிறந்து, ஒரே வகைக் கூண்டில் வளர்ந்தவை. அவற்றுக்குள்ள நோயும் பெரும்பாலும் மனிதர் உண்டாக்கியதே. எலியைக் குணப்படுத்திய மருந்து மனிதனிடம் தோற்றுப்போவதற்கு இஃது ஒரு காரணம். வீட்டு நாயின் நிலையோ வேறு. அதற்குப் புற்றுநோய் தானாகவே வருகின்றது. பெரும்பாலும் முதுமையில் வருகின்றது. மனிதரிடத்துப் போலவே பரவுகின்றது. குணமானதுபோற் காட்டி மீண்டும் தலைதூக்குகின்றது. நாயின் ஆயுள் குறுகியதாகையால், ஒரு வைத்தியத்தின் பலனை ஓரிரு ஆண்டுகளிலேயே கண்டறியவும் முடிகின்றது.

இதன் பயனுக்கு ஓர் உதாரணம் கூறலாம். பெரிய சாதி நாய்களின் கால் எலும்பில் ஒருவகைப் புற்றுநோய் உண்டாவதுண்டு. வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு வரும் எலும்புப் புற்றுநோயை அது பெரிதும் ஒத்தது. முன்னாளில் இருவருக்கும் காலை வெட்டியெறிவதே வைத்தியமாக இருந்தது. 1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிருக வைத்தியர் ஸ்டீபன் வித்ரோவும் அவருடைய குழுவினரும், நோயுற்ற எலும்புப் பகுதியை மாத்திரம் அகற்றிக் காலைக் காப்பாற்றும் முறைகளை நாய்களிடத்தே வளர்த்தெடுத்தனர். அங்கே பெற்ற அனுபவம் பிள்ளைகளின் சத்திர சிகிச்சைக்கும் உதவிற்று. 2003இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், இத்தகைய ஆராய்ச்சிக்கெனவே தனியொரு திட்டத்தைத் தொடங்கியது.

இவ்வாராய்ச்சியில் ஓர் அறமும் உண்டு. சுகமாயிருக்கும் பிராணியை நோயாளியாக்குவது இதன் வழியன்று. ஏற்கெனவே நோயுற்ற பிராணிக்கு, அதனை வளர்ப்பவரின் சம்மதத்தோடு, அதன் நலத்தையே முதலாகக் கருதி வைத்தியம் செய்யப்படுகின்றது. அந்த நாய் முதலில் நோயாளி, பிறகே ஆசான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் நடந்தது தோட்டத்து மக்களுக்கு எவ்வகையிற் பொருந்தும் என்று சிலர் வினவலாம். பொருந்தும். நாய்கள் கட்டின்றித் திரியும் நாடுகளிலெல்லாம் காணப்படும் நாய்ப் புற்றுநோய் ஒன்று இலங்கையிலும் உண்டு. இனப்பெருக்க உறுப்புகளிலும், சில வேளைகளில் மூக்கிலும் வாயிலும், கோவாப்பூப் போன்ற சிவந்த கட்டியாக அது தோன்றும், இரத்தம் கசியும். இனச்சேர்க்கையினாலும், நக்குதல், முகர்தல் ஆகியவற்றாலும் ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்குத் தொற்றும். மனிதருக்கு இது தொற்றுவதில்லை.

இந்நோயின் வரலாறு வியப்புக்குரியது. 1876இல் ரஷ்ய நாட்டு மிருக வைத்தியர் நொவின்ஸ்கி என்பவர், இக்கட்டியின் ஒரு சிறு துண்டை மற்றொரு நாயின் உடலில் வைத்து வளரச் செய்து காட்டினார். புற்றுநோயை ஓருடலிலிருந்து மற்றோருடலுக்கு மாற்றிக் காட்டிய முதல் வெற்றிகரமான பரிசோதனைகளுள் அது வைத்தெண்ணப்படுகின்றது. இதனைப் பரப்புவது கிருமியன்று, புற்றுநோய் அணுவேதான் என்பது 2006இல் மரபணு ஆராய்ச்சியால் உறுதியாயிற்று. எந்நாட்டு நாயின் கட்டியாயினும், அதிலுள்ள அணுக்கள் பழங்காலத்து நாயொன்றின் அணுக்களின் வழிவந்தவையே. அந்த நாய் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று 2019இல் வெளிவந்த ஆய்வு கணிக்கின்றது. நாய் மாண்டது, அதன் நோய் மாளவில்லை.

இதற்கு வைத்தியம் உண்டா? உண்டு, அதன் மூலம் கோயில் நந்தவனங்களிலும் வீட்டு முற்றங்களிலும் பூத்துநிற்கும் நித்தியகல்யாணியிலே இருக்கின்றது. பட்டிப்பூ என்றும் இதனை வழங்குவர். கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்களான ரொபர்ட் நோபிளும் சார்ள்ஸ் பியரும், இச்செடி நீரிழிவுக்கு மருந்தாகுமா என்று ஆராய்ந்தபோது, இதன் சாறு இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டனர். 1958இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்து வெளிப்பட்டது. அதே செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் வைத்தியப் பாவனைக்கு அனுமதி பெற்றது. பெருகும் அணு இரண்டாகப் பிரியும் வேளையிலே அதனைத் தடுத்து நிறுத்துவது இம்மருந்தின் தொழிலாகும். பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வழங்கப்படும் மருந்துகளுள் இஃது இன்றும் முக்கியமானது. நாயின் கட்டிக்கும் இதுவே மருந்து. வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் ஊசிமூலம் ஏற்றினால், பெரும்பாலான நாய்களின் கட்டி முற்றாகக் கரைந்துவிடும்.

மருந்தினால் கட்டி கரையும்போது, நாயின் உடம்பிலுள்ள இயற்கைக் காவற்படையும் விழித்தெழுந்து போரிடுகின்றது என்று 2018இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. உறங்கும் காவற்படையை எழுப்புவது எப்படி என்பதே இன்றைய மனிதப் புற்றுநோய் வைத்தியத்தின் பெருங்கேள்வி. அதற்கு விடை தேடுவோர்க்குத் தெருநாயும் ஒரு துணையாகின்றது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். நித்தியகல்யாணி இலையை அரைத்து நாய்க்கோ மனிதர்க்கோ கொடுத்தல் ஆகாது; அது நஞ்சாக முடியும். மருந்தாவது, அளந்து, மிருக வைத்தியரின் கையாற் கொடுக்கப்படும்போதே.

பூனை கற்பிக்கும் பாடம் வேறு. புகை பிடிப்போர் வீட்டுப் பூனைகளுக்கு ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என்று 2002இல் அமெரிக்க ஆய்வொன்று கண்டது. பூனை புகையைச் சுவாசிப்பதோடு நிற்பதில்லை. தன் உரோமத்தில் படிந்த புகைநஞ்சையும் நாவால் நக்கி விழுங்குகின்றது. அதே வீட்டில், அதே தரையில் தவழும் குழந்தையின் நிலையை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பூனைக்கு வாயிலும் புற்றுநோய் வருவதுண்டு. நாவின் அடியில் மறைந்து வளர்வதால், கண்டறியும்போது காலம் கடந்துவிடுகின்றது. வாயைத் திறந்து காட்ட அதற்குத் தெரியாது. மனிதனுக்குத் தெரியும். அப்படியிருந்தும் இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் மெல்லும் வழக்கம் அதற்குப் பெருங்காரணம். குளிரையும் பசியையும் மறக்க மலையிலே வெற்றிலை போடும் தொழிலாளர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவந்த தடிப்போ இரண்டு வாரத்துக்கு மேல் நிலைத்தால், ஒரு நாட் பேரை இழந்தாலும் பதுளை ஆஸ்பத்திரிக்குச் சென்று காட்டுதல் நன்று. தொடக்கத்தில் கண்ட நோய் தீரும்; ஒளித்து வைத்த நோய் தீராது.

இரத்தம் கசியும் நாயைக் கல்லெறிந்து துரத்துவதே பல இடங்களிலும் வழக்கமாக இருக்கின்றது. துரத்தப்பட்ட நாய் அடுத்த லயத்துக்குச் சென்று, அங்கும் நோயைப் பரப்புகின்றது. அதனைக் கட்டிவைத்து மிருக வைத்தியருக்குச் சொல்லியனுப்பினால் அது பிழைக்கும், மற்றவையும் தப்பும். விசர்நாய் நோய்த் தடுப்பூசி போட வைத்தியர் வரும் நாளில், கட்டியுள்ள நாயையும் காட்டலாம். கருத்தடைச் சிகிச்சை இந்நோய் பரவும் வழியையும் பெரிதும் அடைக்கும். வைத்தியர் கண்டதை எழுதிவைத்து, கட்டியின் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினால், பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீடத்தைப் போன்ற இடங்களில் ஆராய்வோருக்கு அதுவும் ஓர் ஏடாகும்.

பெரிய ஆராய்ச்சி என்பது பெரிய கட்டடத்தில் மட்டும் பிறப்பதன்று. வாசலிற் கிடக்கும் நாயின் உடம்பில் உண்டான கட்டியைக் கண்டு, அருவருக்காமல் அருகிற் சென்று பார்க்கும் கண்ணிலேயே அது தொடங்குகின்றது. வாயில்லாச் சீவனுக்கு வாயாக நின்று பேசுவோர், தம் பிள்ளைகளின் உயிருக்கும் காவல் தேடியவராவர்.