பாக்குக் கிடங்கில் எழுதிய கதைகள்

1736-ஆம் வருஷம் செப்டம்பர் 6-ஆம் தேதி, தமிழ்க் கணக்கில் நள வருஷத்து ஆவணி மாதத்தில், புதுச்சேரி வர்த்தகரான ஆனந்தரங்கப் பிள்ளை, தாம் காதால் கேட்பதையும் கண்ணால் காண்பதையும் கப்பல்கள் வருவதையும் போவதையும் எழுதிவைப்பதென்று சங்கற்பம் செய்துகொண்டார். அந்தச் சங்கற்பத்தை 1761 ஜனவரியில், பட்டணம் ஆங்கிலேயர் வசமாவதற்குச் சில தினங்கள் முன்பு, கண்மூடும் வரையில் அவர் கைவிடவில்லை.

1747-இல் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளே துரையின் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, ஆனவர் ஆதலால், யுத்தங்களும் உடன்படிக்கைகளும் அவருடைய நாட்குறிப்பில் நிறைந்திருப்பது இயல்பே. ஆயினும் அந்த மகத்தான விவகாரங்களுக்கு நடுவே, துரையைக் காணச் சென்று திரும்பித் தமது பாக்குக் கிடங்கில் உட்கார்ந்திருந்ததையும், அங்கே வந்தவர் யார், என்ன சொன்னார் என்பதையும், கண்ட கனவையும், கேட்ட ஜோசியத்தையும், துரையின் மனைவிமேல் தமக்கிருந்த மனக்கசப்பையும் அவர் பேச்சுத் தமிழிலேயே எழுதியிருக்கிறாரே, அந்தப் பக்கங்களில்தான் என் மனம் லயிக்கிறது. தேதி, இடம், ஆள், பேச்சு என்ற நான்கையும் அவர் விடுவதில்லை. அதனால்தான் இருநூற்றைம்பது வருஷங்களுக்குப் பிறகும் அந்தக் கிடங்கில் நாமும் போய் அமர முடிகிறது.

அவர் வீட்டில் கிடந்த அந்த நாட்குறிப்புச் சுவடிகளை 1846-இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. இவ்வூர்ப் பிள்ளையான பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரு நாவல்களும் அதிலிருந்தே பிறந்தன. இடைசெவல் கரிசலிலிருந்து வந்து புதுவைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் கி. ராஜநாராயணனும், ஜனங்கள் வாய்வழியாகச் சொல்லிவந்த கதைகளைத் திரட்டுவதில் அதே சிரத்தையைக் காட்டி, 2021-இல் இவ்வூரிலேயே காலமானார்.

சிறு வயதில் எங்கள் தெருவில் ஓர் ஆயா இருந்தார். பொழுது சாயும் வேளையில் திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்தபடியே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகப் போன தம் புருஷன் சைகோனிலிருந்து திரும்பிய கதையைச் சொல்லுவார். கப்பல் தூரத்தில் நிற்க, சலங்குப் படகில் வந்து இறங்கியவர்களில் தம் மனுஷன் எவரென்று அவருக்கே தெரியவில்லையாம். "நீ பிள்ளையை வலது இடுப்பிலேதானே வச்சிருப்பே, அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன்" என்று பக்கத்தில் வந்து புருஷன் சொன்னாராம். அந்த இடத்தில் ஆயாவின் கை சற்று நின்று, மறுபடி உரிக்கத் தொடங்கும். அந்தக் கதையை நூறு தடவை கேட்டவர்கள் நாங்கள். ஒருவராவது கப்பலின் பெயரையோ வருஷத்தையோ கேட்டு வைத்தோமில்லை. இன்று அந்த வீட்டில் சொல்லவும் ஆளில்லை. இந்த அலட்சியத்துக்காக நான் வருந்தாத நாளில்லை.

இப்படிப்பட்ட கதை இல்லாத வீடு புதுச்சேரியில் இராது. 1954 நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதைக் கண்டவர்கள் இன்னும் சிலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் அவர்கள் அருகில் சென்று உட்காருங்கள். அன்று என்ன சமைத்தார்கள், யார் அழுதார்கள், யார் சிரித்தார்கள் என்று கேளுங்கள். கேட்டதை அவர்கள் சொன்ன சொல் மாறாமல், தேதி போட்டு எழுதிவையுங்கள்.