மலிவும் கொள்கையும்: கணினி ஆர்வலர் கதை



எமது பாடசாலையின் கணினி அறையிலே சில காலத்துக்கு முன்னர் ஒரு மாணவன் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினான். முன்பு எங்கோ பயன்பட்ட கணினிகள் சிலவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கி அவ்வறையிலே வைத்திருந்தோம். அவற்றுள் இருந்த செய்நிரல்கள் யாவும் விற்றவரே ஏற்றித் தந்தவை. “சேர், இந்தச் செய்நிரல்களுக்கு நாங்கள் காசு கொடுத்தோமா? கொடுக்கவில்லையென்றால் இது களவுதானே?” என்று கேட்டான். பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். இயந்திரங்களுக்கு விலை குறிக்கப்பட்டிருந்தது. செய்நிரல்களைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. அச்சீட்டிலே கையொப்பமிட்டவன் நானே. மாணவனுக்கு உடனே விடை கூற இயலாமல், பின்னர் சொல்வதாகக் கூறி அனுப்பிவிட்டேன்.

அவ்வினா ஏறத்தாழ அரை நூற்றாண்டு பழமையுடையது. அது முதன்முதலிற் பெரும் வழக்காக எழுந்த இடம், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அங்கே 1975 ஆம் ஆண்டிலே கணினியில் ஆர்வங்கொண்டோர் சிலர் கூடிப் பேசத் தொடங்கினர். புதிதாக என்ன கண்டோம், எந்த உறுப்பு எங்கே மலிவாகக் கிடைக்கிறது, இவ்வியந்திரத்தால் உலகம் எவ்வாறு மாறவேண்டும் என்னும் மூன்றுமே அவர்களது பேச்சின் பொருள்கள். முதலிரண்டும் சந்தைப் பேச்சு, மூன்றாவது அரசியற் பேச்சு என நாம் பிரித்துக்கொள்வோம். அவர்களோ அவ்வாறு பிரிக்கவில்லை. மலிவு என்பதே அவர்களுக்கு ஓர் அரசியற் கொள்கையாக இருந்தது. அது எவ்வாறென இன்று ஆராய்வோம்.

1970 ஆம் ஆண்டையடுத்த காலத்திலே கணினி என்றால் அரசாங்கத்துக்கும் படைத்துறைக்கும் வங்கிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரிய பெரும் இயந்திரம் என்றே மக்கள் எண்ணினர். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. போரை எதிர்த்த இளைஞர் பலர் கணினியை ஆள்வோரின் கருவியாகவே கண்டு வெறுத்தனர். அவர்களுள் ஒரு சாரார் மட்டும் வேறுவிதமாகச் சிந்தித்தனர். கருவியை வெறுப்பதாற் பயனில்லை. அதனை எல்லார் கையிலும் கிடைக்கச் செய்வதே வழி என்பது அவர்தம் எண்ணம். 1972 ஆம் ஆண்டிலே ‘மக்கள் கணினிக் கம்பனி’ என்று பொருள்படும் பெயருடைய பத்திரிகை ஒன்று இக்கொள்கையுடன் வெளிவந்தது. மறு ஆண்டில், பேர்க்லி நகரத்து இசைத்தட்டுக் கடை ஒன்றிலே, தொலைவிலிருந்த கணினியுடன் இணைத்த தட்டச்சு முனையம் ஒன்று வைக்கப்பட்டது. ‘சமுதாய நினைவகம்’ என்பது அதன் பெயர். வழிப்போக்கர் எவரும் அதிலே ஓர் அறிவித்தலைப் பதியலாம். பிறர் பதிந்ததைத் தேடலாம். வாத்தியக் கலைஞரைத் தேடுவோரும், நல்ல ரொட்டி எங்கே கிடைக்குமெனக் கேட்போரும், கவிதை எழுதுவோரும் அதனைப் பயன்படுத்தினர். பேரமும் கருத்தும் ஒரே பலகையிலே எழுதப்பட்டமை அங்கேயே தொடங்கிற்று எனலாம்.

எனினும் அந்த முனையத்துக்குப் பின்னால் இருந்தது பெருங்கணினியே. தனி மனிதன் தன் வீட்டிலே வைத்திருக்கத்தக்க கணினி 1975 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே அறிவிக்கப்பட்டது. ‘பொப்புலர் இலெக்ட்ரோனிக்ஸ்’ என்னும் சஞ்சிகையின் அட்டையிலே ‘அல்ட்டயர் 8800’ என்ற பெட்டியின் படம் வெளியாயிற்று. அதனை ஆக்கியவர் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரிலே சிறு நிறுவனம் ஒன்றை நடத்திய எட் ரொபேட்ஸ் என்பவர். படத்திலே காணப்பட்டது வெற்றுப் பெட்டியே. உண்மையான மாதிரி அனுப்பும் வழியிலே தொலைந்துபோயிற்று. உறுப்புக்களாக வாங்கித் தாமே பொருத்திக்கொள்வோருக்கு அதன் விலை 397 டொலர். அதன் மூளையாகிய இன்ரெல் 8080 என்னும் சில்லு ஒன்று தனியே வாங்கினால் 360 டொலர். ரொபேட்ஸ் பெருந்தொகையாக வாங்குவதாகப் பேசி, ஒன்றை 75 டொலருக்குப் பெற்றார். ஒரு பேரம் ஒரு காலத்தையே மாற்றியதற்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

அப்பெட்டிக்கு எழுத்துப் பலகையும் இல்லை, திரையும் இல்லை. முன்புறத்திலே ஆளிகளும் சிறு விளக்குகளும் மட்டுமே இருந்தன. நினைவகத்தின் அளவு 256 பைட். அதாவது, ஒரு சிறு பந்தியின் எழுத்துக்களைக்கூட அது கொள்ளாது. மின்சாரம் நின்றால் உள்ளிருந்த யாவும் அழிந்துவிடும். ஆயினும் அதனை வாங்குவதற்கு ஆயிரக்கணக்கானோர் முந்தினர்.

1975 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5 ஆம் திகதி, மழை பெய்த ஓர் இரவிலே, மென்லோ பார்க் என்னும் ஊரில் கோர்டன் பிரெஞ்ச் என்பவரது வீட்டு வாகனக் கொட்டகையில் 32 பேர் கூடினர். ‘ஹோம்புரூ கணினிக் கழகம்’ பிறந்தது அவ்விரவிலேயே. ‘வீட்டிலே காய்ச்சியது’ என்பது அப்பெயரின் பொருள். கூட்டத்தை அழைத்தவர்களுள் ஒருவரான பிரெட் மூர், 1959 இல் பல்கலைக்கழக மாணவராயிருந்தபோது கட்டாய இராணுவப் பயிற்சியை எதிர்த்து உண்ணாநோன்பு இருந்தவர். பின்னர் கூட்டங்களை நெறிப்படுத்திய லீ பெல்சன்ஸ்டைன், மேலே கூறிய சமுதாய நினைவகத்தை அமைத்தோருள் ஒருவர். பொறியியலாளரும் கொள்கைவாதிகளும் ஒரே கொட்டகையிலே கூடினர் என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும்.

அக்கழகத்தின் தொடக்க நாட்களிலே நடந்த ஒரு நிகழ்ச்சியை வானொலியிற் பேசும் நான் கூறாது விடலாகாது. 1975 ஏப்பிரலில் ஸ்டீவ் டொம்பியர் என்பவர் தமது அல்ட்டயரைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதன் அருகே சாதாரண வானொலிப் பெட்டி ஒன்றை வைத்தார். ஆளிகளை ஒவ்வொன்றாக அழுத்திக் கட்டளைகளைப் பதித்தார். இடையிலே யாரோ மின் இணைப்பிற் கால் தடுக்க, பதித்தது யாவும் அழிந்தது. மீண்டும் முதலிலிருந்து பதித்தார். பின்னர் கணினி இயங்க, வானொலியிலிருந்து இசை எழுந்தது. கணினியின் சுற்றுக்கள் இயங்குகையில் வெளிப்படும் மின்காந்த அலைகளை அருகிலுள்ள வானொலி இரைச்சலாக ஏற்கும். செய்நிரலின் சுழற்சிகளைத் தக்க காலவளவில் அமைத்தால் அந்த இரைச்சலே சுரமாகும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் அன்றோ! கூடியிருந்தோர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். மிக அற்பமான பயனே ஆயினும், அந்த இயந்திரம் ஒரு தனி மனிதனுடைய விருப்பத்துக்காக இயங்கியது என்பதே அவர்களை மகிழ்வித்தது.

கழகக் கூட்டங்கள் இரு பகுதியாக நடந்தன. முதலில் ஒவ்வொருவரும் எழுந்து, தம்மிடம் உள்ளது என்ன, தமக்கு வேண்டியது என்ன என்று அறிவிப்பர். பின்னர் யாவரும் கலந்து, ஏற்றவரைத் தேடிப் பேசிக் கொடுத்து வாங்குவர். சுற்றுவரைபடங்கள் கைமாறின, பற்றாசு பிடிக்கத் தெரியாதவர்க்குத் தெரிந்தவர் கற்பித்தனர். அப்பகுதியிலே கைத்தொழிலகங்களின் மிகைப்பொருள்களை விற்கும் கடைகள் பல இருந்தன. இங்கே ஓர் உண்மையை மறைத்தலாகாது. 1960 ஆம் ஆண்டையடுத்து நுண்சுற்றுக்களை மிகுதியாக வாங்கி அத்தொழிலை வளர்த்தவை ஏவுகணைத் திட்டமும் அப்பலோ விண்வெளித் திட்டமுமே. போரை வெறுத்தோர் கையிற் கிடைத்த மலிவுக்குப் படைத்துறையின் செலவும் ஒரு காரணமாயிற்று.

இனி வழக்குக்கு வருவோம். அல்ட்டயரிலே ‘பேசிக்’ என்னும் கணினிமொழி இயங்குவதற்கான செய்நிரலை எழுதியோருள் முதன்மையானவர்கள் பில் கேட்ஸ், போல் அலன் என்னும் இரு இளைஞர். 1975 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே பலோ அல்ட்டோ நகரில் நடந்த ஒரு காட்சியின்போது, அது பதிந்த துளைத்தாள் நாடா ஒன்று எவ்வாறோ கழகத்தார் கைக்கு வந்தது. அதனைப் படிசெய்து கூட்டத்திலே இலவசமாக வழங்கினர். ஒன்று பெற்றவர் அடுத்த கூட்டத்துக்கு இரண்டு கொண்டுவரல் வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

1976 பெப்ரவரி 3 ஆம் திகதி, அப்போது இருபது வயதினரான கேட்ஸ், கணினி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தாம் பயன்படுத்திய கணினி நேரத்தின் பெறுமதி மட்டும் 40,000 டொலருக்கு மேற்பட்டது என்றும், அல்ட்டயர் வைத்திருப்போருள் நூற்றுக்குப் பத்துப் பேர்தாமும் பேசிக்கை வாங்கவில்லை என்றும், கிடைத்த வருவாயைக் கணக்கிட்டால் தமது உழைப்புக்கு மணித்தியாலம் ஒன்றுக்கு இரண்டு டொலரும் தேறவில்லை என்றும் முறையிட்டார். செய்வது களவு என்றே கூறினார். ஆர்வலர் பலர் சினங்கொண்டனர். அறிவு பகிர்தற்குரியது, சுற்றுவரைபடத்தைப் பகிரும் நாம் செய்நிரலை ஏன் பகிரலாகாது என்பது அவர் வாதம்.

இரு பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பல மாதம் கண்விழித்து எழுதியவன் கூலி கேட்பதைத் தவறென்று யார் சொல்வர்? அவ்வாறே, விலை உயர்ந்தால் அறிவு வசதிபடைத்தோர் வீட்டிலே தங்கிவிடும் என்னும் அச்சமும் பொய்யன்று. ஆனால் தன்னுடையதைக் கொடுப்பது ஈகை. பிறனுடையதை எடுத்துக் கொடுப்பது ஈகையாகாது. இந்த வேறுபாட்டை உணர்ந்து, வாய்ச்சண்டையை விடுத்துத் தாமே எழுத முற்பட்டவர்களையே நான் போற்றுகின்றேன்.

அவர்கள் செய்தது யாது? சிறிய நினைவகத்தில் அடங்கும் ‘ரைனி பேசிக்’ என்னும் எளிய மொழியை மக்கள் கணினிக் கம்பனியின் தூண்டுதலாற் பலர் எழுதினர். அதனை யாவரும் பயன்படுத்துமாறு அச்சிட்டு வெளியிட்டனர். டொம் பிற்மன் என்பவர் தாம் எழுதியதை ஐந்து டொலருக்கு விற்றார். படிசெய்யும் தொல்லையினும் வாங்குதல் எளிது என்னும்படி விலை வைத்தால் மக்கள் வாங்குவர் என்பதை அவர் காட்டினார். கழகத்தின் பின்வரிசையிலே அமரும் ஸ்டீவ் வொஸ்னியாக், 25 டொலர் விலையுள்ள 6502 என்னும் சில்லைக் கொண்டு ஒரு கணினியை வரைந்து, வரைபடத்தைத் தோழர்க்கு இலவசமாக வழங்கினார். அதுவே 1976 இல் 666.66 டொலருக்கு விற்கப்பட்ட முதலாவது அப்பிள் கணினியாயிற்று.

பகிரும் கொள்கை பின்னர் முறையான வடிவம் பெற்றது. 1983 இல் ரிச்சட் ஸ்டோல்மன் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு வித்திட்டார். எழுதியவரே தம் ஆக்கத்தை யாவரும் படிசெய்யவும் திருத்தவும் உரிமம் வழங்கும் முறை அது. 1991 இல் லினக்ஸ் தோன்றிற்று. எமது நாட்டுக்கும் இதிலே பங்குண்டு. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிக் கடற்கோளின் பின்னர், காணாமற்போனோரைப் பதியவும், முகாம்களையும் நிவாரணத்தையும் ஒழுங்குபடுத்தவும் இலங்கைத் தொண்டர்கள் ‘சஹனா’ என்னும் கட்டற்ற மென்பொருளை எழுதினர். அடுத்த ஆண்டிலே பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. மலிவுக்கும் குறைவில்லை: பிள்ளைகளின் கல்வியைக் கருதி இங்கிலாந்திலே உருவாக்கப்பட்டு, 2012 இல் 35 டொலருக்கு விற்பனைக்கு வந்த ‘ராஸ்பெரி பை’ என்னும் சிறு கணினியின் நினைவகம் 256 மெகாபைட். அல்ட்டயரினும் பத்து இலட்சம் மடங்குக்கு மேற்பட்டது. விலையோ பத்திலொரு பங்கிலும் குறைவு.

இவற்றையெல்லாம் எண்ணியபின் அம்மாணவனை அழைத்தேன். “நீ கேட்டது சரி. நாங்கள் விலை கொடுக்கவில்லை, பிழை என்னுடையது” என்றேன். அவனும் கணித ஆசிரியரும் வேறு சில மாணவரும் இரு சனிக்கிழமைகள் இருந்து, அக்கணினிகளிலிருந்தவற்றை நீக்கிக் கட்டற்ற மென்பொருள்களை ஏற்றினர். அச்சுப்பொறியொன்று இன்னும் சரிவர இணங்கவில்லை. சில பழைய கோப்புக்கள் ஒழுங்காகத் திறப்பதுமில்லை. அவற்றுக்கு வழி தேடிக்கொண்டிருக்கின்றோம்.

உங்கள் வீட்டிலோ பாடசாலையிலோ கணினி இருப்பின், மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்வதோடு நில்லாது, அது யாருடைய உழைப்பு, அவர் மனமுவந்து தந்தாரா என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் கேட்குமுன் நாம் கேட்பது நன்று.