முட்டு வருத்தமுள்ள பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பலாமா?

மாரி தொடங்கியதும் வன்னிக் கிராமங்களில் பல வீடுகளில் விடியற்காலையில் ஒரே கேள்வி எழுகிறது. இரவு முழுதும் இருமிய பிள்ளையை இன்று பள்ளிக்கூடம் அனுப்புவதா, மறிப்பதா? அனுப்பினால் வகுப்பில் முட்டு எடுத்துவிடுமோ என்ற பயம். மறித்தால் பாடம் போய்விடும். பிள்ளையைப் பார்க்க ஒருவர் வீட்டில் நிற்கவும் வேண்டும். தாயின் கூலியில் மட்டும் ஓடும் குடும்பத்தில் அன்றைய கூலியும் இல்லாமற் போகும்.

இக்கேள்விக்குப் பயத்தாலோ அவசரத்தாலோ விடை சொல்ல வேண்டியதில்லை. சில அடையாளங்களைப் பார்த்தால் பெற்றோரே தீர்மானிக்கலாம். அவற்றை இங்கே தருகின்றோம்.

முட்டு என்பது என்ன?

ஆஸ்துமா என்று வைத்தியர்கள் சொல்வதையே நாம் முட்டு, தொய்வு, இழுப்பு என்கிறோம். நெஞ்சுக்குள் காற்றுப் போகும் சிறு குழாய்கள் இந்நோயில் எப்போதும் சற்று வீங்கியே இருக்கும். தடிமன், புகை, தூசு, குளிர்காற்று போன்றவை படும்போது குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், உள்ளே சளியும் சேரும். ஒடுங்கிய வழியால் காற்று வெளியேறும்போது 'கீச்' என்ற சத்தம் கேட்கும். இது ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஆகவே பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு வந்துவிடும் என்று எவரும் பயப்படத் தேவையில்லை.

மருந்து இரண்டு வகை. இறுகிய தசையை உடனே தளர்த்துவது சல்பியூற்றமோல். இது பெரும்பாலும் நீல நிற 'பம்ப்'பில் வரும். வீக்கத்தை நாளாந்தம் குறைத்து முட்டு வராமலே தடுப்பது மற்றது. இது பெரும்பாலும் மண்ணிற 'பம்ப்'பில் வரும் பெக்லோமெதசோன். முட்டு நின்றதும் இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அடுத்த மாரியில் மறுபடி அதே கேள்வி வருகிறது. வைத்தியர் சொல்லாமல் அதை நிறுத்தக் கூடாது.

'பம்ப் அடித்தால் பழகிவிடும், பிறகு விட முடியாது' என்ற பேச்சு எமது ஊர்களில் பலமாக உண்டு. அது சரியல்ல. 'பம்ப்' மருந்து நேரே நெஞ்சுக்குப் போவதால் குளிசையையும் பாணியையும் விட மிகக் குறைந்த அளவே போதும். நெஞ்சுப் படபடப்பும் கை நடுக்கமும் குறைவு.

காலையில் பார்க்க வேண்டியவை

1. இரவு பிள்ளை தூங்கியதா? இருமலாலும் மூச்சு முட்டாலும் பல தடவை எழும்பியிருந்தால் வருத்தம் அடங்கவில்லை.

2. நீல 'பம்ப்' எத்தனை தடவை தேவைப்பட்டது? கொடுத்து 4 மணித்தியாலம் ஆகுமுன்னரே மறுபடி தேவைப்பட்டால் பள்ளிக்கூடம் வேண்டாம். அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

3. பிள்ளை ஒரு முழு வசனத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்கிறதா? காலைச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறதா?

4. முற்றத்தில் நடந்து, கிணற்றடிக்குப் போய் வந்தால் களைக்கிறதா? சட்டையைக் கழற்றிப் பாருங்கள். விலா எலும்புகளுக்கிடையில் தோல் உள்ளே இழுபடுகிறதா?

இரவு தூங்கி, சாப்பிட்டு, வழமைபோலப் பேசி விளையாடும் பிள்ளைக்குச் சிறு இருமலோ மூக்குச் சளியோ இருந்தாலும் பள்ளிக்கூடம் போகலாம். நீல 'பம்ப்' அதன் பையில் இருக்க வேண்டும்; வகுப்பாசிரியருக்கும் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் இருந்தாலோ, மேலே சொன்னவற்றில் ஒன்று பிழைத்தாலோ அன்று மறியுங்கள். முட்டு எடுத்து ஆஸ்பத்திரியில் நின்று வந்த பிள்ளையையும் இந்த நாலையும் பார்த்தே திரும்ப அனுப்புங்கள்.

ஓடிப் போக வேண்டிய நேரம்

சில அடையாளங்கள் தெரிந்தால் பள்ளிக்கூடத்தைப் பற்றிய கேள்விக்கே இடமில்லை. பிள்ளை ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாமல் திணறுதல், உதடு நீலமாதல், நெஞ்சு உள்ளே இழுபடுதல், சோர்ந்து தூங்கி விழுதல் ஆகியன ஆபத்தானவை. 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு விட்டால் அதுவும் கடுமையான முட்டே. கீச்சுச் சத்தம் திடீரென நின்று, பிள்ளை இன்னும் திணறினால் சுகமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காற்றே போகவில்லை என்பதுதான் அதன் பொருள்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். உள்வீதிகளுக்கு வந்து சேர நேரமாகலாம். ஆகவே அதுவரை மருந்தைக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை நினைவில் வைக்க இலகுவானது. பிள்ளையை நிமிர்த்தி இருத்துங்கள். நீல 'பம்ப்'பை ஒரு தடவை அழுத்தி, பிள்ளையை 4 தடவை மூச்சு எடுக்க விடுங்கள். இப்படி 4 முறை செய்யுங்கள். 4 நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் மீண்டும் 4 முறை. அதற்கும் குறையாவிட்டால் அம்புலன்ஸை அழைத்து, அது வரும்வரை இதையே தொடருங்கள்.

ஒரு வெறும் போத்தல் செய்யும் உதவி

சிறு பிள்ளைகளால் 'பம்ப்'பை அழுத்துவதையும் மூச்சை உள்ளெடுப்பதையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். இதற்காக இடையில் பொருத்தும் குழாய் ஒன்று கடைகளில் உண்டு. ஆனால் எல்லாராலும் வாங்க முடியாது. 1999ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரில் வைத்தியர் ஹெதர் சாரும் அவரது குழுவினரும் செய்த ஆய்வில், 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலில் செய்த குழாய் கடைக் குழாயைப் போலவே பலன் தந்தது.

செய்முறை இதுதான். குடிதண்ணீர்ப் போத்தலின் அடியில் 'பம்ப்'பின் வாய் அளவுக்குச் சூடான கம்பியால் துளையிடுங்கள். 'பம்ப்' இறுக்கமாகப் பொருந்த வேண்டும். காற்றுப் போகாமல் விளிம்பைப் பசையால் அடையுங்கள். அந்த ஆய்வில் அடைக்காத போத்தலின் பலன் குறைவாகவே இருந்தது. சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் காயவிடுங்கள். பிள்ளை போத்தலின் வாயை உதடுகளால் மூடி மூச்செடுக்க, மற்றவர் அடியிலிருந்து 'பம்ப்'பை அழுத்தலாம். கிளினிக்குக்குப் போகும்போது போத்தலைக் கொண்டுபோய்த் தாதியிடம் காட்டுவது நல்லது.

வீட்டில் மறித்தால் காற்றுச் சுத்தமா?

2022 டிசம்பர் 9ஆம் திகதி நாட்டின் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. மண்டோஸ் புயலை ஒட்டி வந்த குளிர்காற்றும் தூசு நிறைந்த வளியுமே காரணம். அந்நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் குளிரில் இறந்தன. அன்று அரசாங்கம் தீர்மானித்தது. மற்ற நாட்களில் தீர்மானிப்பது நாம்தான்.

ஆனால் வீட்டில் மறிப்பது மட்டும் பாதுகாப்பல்ல. விறகடுப்புப் புகை நிறைந்த குசினிக்கு அருகில், நுளம்புச் சுருள் எரியும் அறையில் படுத்திருக்கும் பிள்ளையை விட வகுப்பில் இருக்கும் பிள்ளை நல்ல காற்றைச் சுவாசிக்கக் கூடும். அடுப்புக்குப் புகைபோக்கி வைப்பதும், சுருளுக்குப் பதிலாக வலை கட்டுவதும், வீட்டுக்குள் சுருட்டு, பீடி பிடிக்காமல் இருப்பதும், சூடடிக்கும் நாட்களில் பிள்ளையைக் களத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதும் மறிக்க வேண்டிய நாட்களையே குறைத்துவிடும்.

பள்ளிக்கூடம் செய்யக் கூடியவை

முட்டு உள்ள பிள்ளைக்கு வகுப்புக் கூட்டும் முறையும் கரும்பலகை துடைக்கும் முறையும் கொடுக்காமல் வேறு வேலை கொடுக்கலாம். குப்பையைப் பாடசாலை வளவில் எரிக்காமல் புதைக்கலாம். மிக முக்கியமாக, பிள்ளையின் 'பம்ப்'பை அலுவலக அலுமாரியில் பூட்டி வைக்கக் கூடாது. திறப்பு வைத்திருப்பவர் அன்று லீவில் நின்றால் என்ன செய்வது? பெரிய பிள்ளையின் பையிலும், சிறு பிள்ளையாயின் வகுப்பாசிரியரின் கைக்கெட்டும் இடத்திலும் அது இருக்க வேண்டும்.

விளையாட்டிலிருந்தும் ஒதுக்கத் தேவையில்லை. ஓடினால் முட்டு எடுக்கும் பிள்ளைக்கு, வைத்தியரின் சொற்படி, 15 நிமிடத்துக்கு முன் நீல 'பம்ப்' கொடுத்தால் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் அதுவும் ஓடலாம்.

1990களில் வன்னிக்கு மருந்து வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அக்காலத்தில் பெற்றோர் பிள்ளையை வீட்டுக்குள் பொத்தி வைத்ததில் நியாயம் இருந்தது. இன்று அரச வைத்தியசாலைக் கிளினிக்குகளில் மருந்து இலவசம். ஆயினும் 2022இன் நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டையும் கண்டோம். ஆகவே 'பம்ப்' முடியும்வரை காத்திராமல் முன்கூட்டியே அடுத்ததைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு தவணையில் பிள்ளை பல நாட்கள் மறிக்கப்பட்டால் பிள்ளை பலவீனம் என்று முடிவுகட்ட வேண்டாம். மறித்த நாட்களையும், நீல 'பம்ப்' கொடுத்த தடவைகளையும் ஒரு கொப்பியில் எழுதி அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டுமா என்பதை அவர் அந்தக் கொப்பியைப் பார்த்துச் சொல்வார்.