பழைய காரில் பெட்ரோல் வாசனையா? அலட்சியம் வேண்டாம்!

"பழைய வண்டி என்றால் பெட்ரோல் வாசனை அடிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பவர்கள் பலர். அது சரியல்ல. அந்தக் காலத்துக் கார்களில் ஓரளவு பெட்ரோல் ஆவி வெளியேறுவது அவற்றின் அமைப்பு. ஆனால், கதவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கிற வாசனை வந்தால் அது கோளாறு. காசும் போகிறது, உடம்பும் கெடுகிறது, தீ ஆபத்தும் காத்திருக்கிறது.

பம்பாய்த் தமிழர்களுக்கு பத்மினி காரைப் பற்றி அறிமுகம் தேவையில்லை. 'பியட் 1100' வழியில் வந்த அந்தக் காரை குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலை தயாரித்தது. கறுப்பு-மஞ்சள் டாக்சியாக அது ஊரையே சுமந்தது. கடைசி பத்மினி டாக்சி 2003-ல் பதிவானது. டாக்சிகளுக்கு 20 ஆண்டு வரம்பு என்பதால் 2023 அக்டோபரில் அதுவும் ஓய்வு பெற்றது. ஆனால் சொந்த உபயோகத்துக்கு பத்மினியையோ பழைய மாருதி 800-ஐயோ இன்றும் ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. அவற்றைப் பழுது பார்க்கிற தொழிலாளர்களும் உண்டு. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

புகைச் சோதனை போதாது

"பி.யு.சி. சர்டிபிகேட் இருக்கிறதே, பிறகென்ன?" என்று கேட்கலாம். அந்தச் சோதனையில் குழலைச் சொருகுவது புகைபோக்கியில். அங்கே வருகிற கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும்தான் கருவி அளக்கிறது. டாங்கி மூடியிலோ கார்புரேட்டரிலோ கசிகிற ஆவி அந்தக் கருவிக்குத் தெரியாது. சோதனையில் தேறிய கார் இரவெல்லாம் பெட்ரோலைக் காற்றில் விட்டுக்கொண்டு நிற்கலாம்.

இந்த ஆவி லேசானதல்ல. அதில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. வெயிலில் மற்ற புகைகளோடு சேர்ந்து ஓசோன் வாயுவாக மாறி மூச்சுக் குழாயை அரிக்கும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இப்படித்தான் திணறியது. அதன் பிறகே கலிபோர்னியா மாநிலம் 1970 மாடல் கார்களிலிருந்து பெட்ரோல் ஆவிக்குக் கட்டுப்பாடு விதித்தது. மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகில் வாழும் செம்பூர்வாசிகளுக்கு இந்த வாசனையின் தொல்லையைச் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது அடிக்கிறது?

கோளாறைக் கண்டுபிடிக்க முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வாசனை எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான்.

இரவு முழுக்க நின்ற காரில் காலையில் அடித்தால், டாங்கி, அதன் குழாய், மூடி ஆகியவற்றைப் பாருங்கள். டாங்கியை நிரப்பியவுடன் அடித்தால், பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாயின் ரப்பரைப் பாருங்கள். ஓடும்போது அடித்தால் பெட்ரோல் பம்பையும், என்ஜின் பக்கத்து ரப்பர் குழாய்களையும் பாருங்கள். ஓட்டி வந்து நிறுத்திய பத்து நிமிடத்தில் அடித்தால் கார்புரேட்டரைக் கவனியுங்கள்.

மூடியில் இருக்கிற சூட்சுமம்

டாங்கி மூடியின் அடியில் உள்ள வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். சில ரூபாயில் முடிகிற வேலை.

பல பழைய கார்களின் மூடியில் காற்று உள்ளே போக ஒரு சிறு துளை உண்டு. அது தூசியால் அடைபட்டால் வேறு விதமான தொல்லை வரும். பெட்ரோல் குறையக் குறைய டாங்கிக்குள் வெற்றிடம் ஏற்பட்டு, பம்பால் இழுக்க முடியாமல் போகும். வண்டி அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு இருமி நின்றுவிடும். அப்போது மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, வண்டி மறுபடி ஓடினால், குற்றவாளி மூடிதான். இதை அறியாமல் பம்பை மாற்றிச் செலவழித்தவர்கள் உண்டு.

பம்பும் கார்புரேட்டரும்

என்ஜினோடு சேர்ந்து இயங்கும் பழைய பம்பின் உள்ளே டயாபிரம் என்னும் மெல்லிய சவ்வு இருக்கிறது. அது கிழிந்தால் பெட்ரோல் என்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவுக் கம்பியை வெளியே எடுங்கள். அதில் பெட்ரோல் வாசனை வந்தாலோ, ஆயிலின் அளவு தானாக ஏறியிருந்தாலோ, வண்டியைக் கிளப்பாதீர்கள். பம்பைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.

கார்புரேட்டரின் கிண்ணத்தில் மிதவையும் ஊசி வால்வும் இருக்கின்றன. மிதவை ஓட்டையானாலோ, ஊசி தேய்ந்தாலோ, பெட்ரோல் நிரம்பி வழியும். கார்புரேட்டரின் வெளிப்புறம் ஈரமாகவோ, பழுப்புக் கறையாகவோ இருந்தால் இதுதான் காரணம்.

சூடான என்ஜினை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, வெப்பம் மேலே ஏறுகிறது. கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. கார்புரேட்டருக்கும் மேனிபோல்டுக்கும் நடுவே சூடு தாங்கும் தடித்த கேஸ்கட் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சிலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு மெல்லிய காகிதத்தை வைத்திருப்பார்கள்.

பம்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியானால் வண்டி அடைத்துக்கொண்டு நிற்கும். கண்டாலா மலையேற்றத்தில் பம்பின் மேல் ஈரத்துணி போட்ட டிரைவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

கரி டப்பா

நம் நாட்டில் 1996-ல் பெட்ரோல் ஆவிக்கும் வரம்பு வந்தது. அதற்குப் பின் வந்த கார்புரேட்டர் கார்களில் பானெட்டுக்குள் கறுப்பு டப்பா ஒன்றைக் காணலாம். உள்ளே இருப்பது பதப்படுத்திய கரி. வண்டி நிற்கும்போது டாங்கியிலிருந்து வரும் ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது என்ஜின் அதை உறிஞ்சி எரித்துவிடும். வீணாகிற பெட்ரோலைத் திரும்ப வாங்கித் தருகிற சிக்கன ஏற்பாடு இது!

இதில் குழாய் மாறிப் பொருத்தினாலோ, வெடித்தாலோ, ஐடிலிங் தள்ளாடும். "இது எதற்கு?" என்று குழாயை அடைத்துவிடும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஆவி வேறு வழி தேடும். டாங்கியை விளிம்பு வரை நிரப்புவதும் கூடாது. பெட்ரோல் திரவமாகவே டப்பாவுக்குள் போனால் கரி கெட்டுவிடும். பம்ப் துப்பாக்கி 'டக்' என்று நின்றதும் போதும் என்று சொல்லுங்கள்.

ரப்பரில் கஞ்சத்தனம் வேண்டாம்

இப்போது விற்கிற பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. 20 சதவீதக் கலப்பு நாடெங்கும் வந்துவிட்டது. பழைய ரப்பர் இதைத் தாங்குவதில்லை. ஊதிப் போகும், இல்லையேல் வெடிக்கும். எத்தனால் தாங்கும் பெட்ரோல் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் பழைய உதிரி பாகங்கள் கிடைக்கும். இரும்புச் சாமானை அங்கே வாங்கலாம். ரப்பரை மட்டும் புதிதாகவே வாங்க வேண்டும்.

சி.என்.ஜி.க்கு மாற்றிய கார்களும் விதிவிலக்கல்ல. டாங்கியில் கொஞ்சம் பெட்ரோல் கிடக்கும். குழாயோ கவனிப்பாரின்றிக் காய்ந்து கிடக்கும்.

கடைசியாக ஒன்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, மூடிய ஷெட்டிலும் தரைத்தள வீட்டு வாசலிலும் தேங்கும். எங்கோ ஏற்றிய விளக்கோ, பீடித் தீயோ போதும். கசிவு தேடும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஷெட் கதவைத் திறந்து வையுங்கள். வெளிச்சத்துக்கு டார்ச் மட்டும். தீக்குச்சி கூடவே கூடாது. வாசனை பலமாக இருந்தால் அன்று குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மாட்டுங்கா கோயிலுக்குக் கிளம்பாதீர்கள். ரெயிலில் போய் வாருங்கள். கசிவு அடைபட்ட பிறகு காரை எடுக்கலாம்.