ஆட்டுப் பாலில் குளியல் சோப்பு

வெள்ளாடு வளர்க்கும் குடியானவர்கள் பலர். ஆட்டுப் பாலை விலைக்கு விற்பவர்களோ மிகச் சிலர். கூட்டுறவுப் பால் சங்கங்கள் பெரும்பாலும் பசும்பாலையும் எருமைப் பாலையுமே வாங்குகின்றன. குட்டிகள் குடித்து மிஞ்சும் சிறிதளவு பாலை அண்டை அயலார் வாடைக்கு அஞ்சி வாங்குவதில்லை. இங்ஙனம் பயனின்றிப் போகும் பாலைக் கொண்டு வீட்டிலேயே நல்ல குளியல் சோப்புச் செய்து கொள்ளலாம். இதற்கு வேண்டுவது மிகுந்த பாலன்று. சரியான தராசும் ஜாக்கிரதையுமே.

முதலில் ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தென் ஜில்லாக்களில் வளர்க்கப்படும் கன்னி ஆடும் கொடி ஆடும் இறைச்சிக்கு உரியவை. அவற்றின் பால் குட்டிகளுக்கே பெரும்பாலும் சரியாய்ப் போகும். குட்டியின் வயிற்றைக் காயவைத்துச் சோப்புக் காய்ச்சுவது நஷ்டமே. தலைச்சேரி, ஜமுனாபாரி முதலிய கறவை இனங்களை வைத்திருப்போரே இம்முயற்சியில் இறங்கத் தக்கவர். கறக்குமிடத்தின் அருகில் கிடா நின்றால் அதன் நாற்றம் பாலில் ஏறும். ஆதலால் கிடாவைத் தூரத்தில் கட்ட வேண்டும். சீம்பாலும், மடிநோய் கண்ட ஆட்டின் பாலும் ஆகா. கறந்தவுடன் துணியில் வடிகட்டிக் குளிரச் செய்து அன்றே உபயோகிப்பது நலம்.

சோப்பு என்பது எண்ணெயும் காரமும் கூடி உண்டாகும் உப்பு. அக்கூட்டில் கிளிசரின் என்னும் பொருளும் பிரிந்து, வீட்டுச் சோப்பில் அதனுள்ளேயே தங்கி விடுகிறது. இவ்விஷயத்தைத் தெளிவாக்கியவர் பிரெஞ்சு ரசாயனியான செவ்ரோல். கொழுப்புகளைப் பற்றிய அவருடைய நூல் 1823-இல் வெளியாயிற்று. ஆட்டுப் பாலின் தனி வாடைக்குக் காரணமான காப்ரிக், காப்ரிலிக் முதலிய கொழுப்பமிலங்கள் ஆட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லினின்றே பெயர் பெற்றவை. நம் பக்கத்தில் 1914-ஆம் வருஷத்திலேயே, அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோழிக்கோட்டில், அரசாங்கச் சோப்புத் தொழிற்சாலையொன்று தொடங்கப்பெற்றது. ஆகவே இத்தொழில் நமக்குப் புதிதன்று.

ஒரு கிலோ எண்ணெய்க்குரிய அளவு வருமாறு: தேங்காயெண்ணெய் 600 கிராம், கடலை எண்ணெய் 300 கிராம், ஆமணக்கெண்ணெய் 100 கிராம், காஸ்டிக் சோடா 150 கிராம், தண்ணீர் 150 கிராம், ஆட்டுப் பால் 150 கிராம். தேங்காயெண்ணெய் நுரையையும் கெட்டியையும் தரும். ஆனால் அது மட்டுமே இருந்தால் தோல் வறளும். கடலை எண்ணெய் அவ்வறட்சியைத் தணிக்கும். ஆமணக்கெண்ணெய் நுரையை நிலைக்கச் செய்யும். இவ்வெண்ணெய்கள் முழுவதையும் சோப்பாக்க ஏறக்குறைய 163 கிராம் காரம் செல்லும். நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைத்து 150 கிராம் இடுவதால் சிறிது எண்ணெய் மாறாமல் நின்று தோலைக் காக்கும். எண்ணெயை மாற்றுவோர் காரத்தையும் மாற்ற வேண்டும். ஒரு கிலோ தேங்காயெண்ணெய் 183 கிராம் காரத்தையும், கடலை எண்ணெய் 136 கிராமையும், நல்லெண்ணெய் சுமார் 133 கிராமையும், ஆமணக்கெண்ணெய் 128 கிராமையும் ஏற்கும். படியாலும் கரண்டியாலும் அளப்பது இவ்வேலைக்கு உதவாது. எல்லாவற்றையும் நிறுத்தே எடுக்க வேண்டும்.

காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் எரித்து விடும் கொடிய பொருள். குழந்தைகள் நடமாடும் அடுக்களையில் இவ்வேலை கூடாது. காற்றோட்டமுள்ள திண்ணையோ கொல்லைப்புறமோ ஏற்றது. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிய வேண்டும். தண்ணீரில் காரத்தைச் சிறிது சிறிதாக இட வேண்டுமேயன்றி, காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றலாகாது. ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து, எளிதில் தீப்பற்றும் வாயுவை உண்டாக்கும். ஆதலால் எவர்சில்வர் பாத்திரமே வேண்டும். மேலே தெறித்தால் உடனே ஓடும் தண்ணீரில் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். எண்ணெய் தடவுவதும் காடி ஊற்றுவதும் தவறான வைத்தியம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியதுதான்.

பாலை எப்பொழுது சேர்ப்பது என்பதில்தான் பலர் இடறுகின்றனர். காரம் நீரில் கரையும்போது கடுஞ்சூடு பிறக்கிறது. அச்சூட்டில் பாலை ஊற்றினால் பாலிலுள்ள சர்க்கரை கருகி, கலவை செங்கல் நிறமாகி, அம்மோனியா நெடியும் எழும். குளிர்பதனப் பெட்டி உள்ளவர்கள் பாலை உறைய வைத்து, அக்கட்டிகளின் மேலேயே காரத்தைத் தூவிக் கரைப்பர். அஃதில்லாத வீடுகளுக்கு இன்னொரு வழி எளிது. காரத்தை 150 கிராம் தண்ணீரில் கரைத்து, பாத்திரத்தைக் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். பாலையோ இளஞ்சூடான எண்ணெயுடன் முன்னமே கலந்து கொள்ள வேண்டும். பின்னர்க் காரநீரை மெல்லிய தாரையாக எண்ணெயில் விட்டுக் கிளற வேண்டும். இவ்வழியிலும் இளமஞ்சள் நிறம் வருவதுண்டு; அதனால் குற்றமில்லை.

மரக்கரண்டியால் ஓயாமல் கிளறினால் அரைமணி முதல் ஒருமணி நேரத்திற்குள் கலவை தோசை மாவின் பதத்தை அடையும். கரண்டியினின்று விழும் தாரை மேலே கோடாகச் சற்று நின்று மறைவதே அதற்கு அடையாளம். அப்பதத்தில் எண்ணெய்க் காகிதம் விரித்த மரப்பெட்டியில் ஊற்ற வேண்டும். சாதாரணச் சோப்பைச் சாக்குப் போட்டு மூடிச் சூட்டைக் காப்பது வழக்கம். பால் சோப்புக்கு அது கூடாது. பாலின் சர்க்கரையால் தானே சூடேறி நடுவில் வெடித்துப் பொங்கிவிடும். நிழலில் திறந்து வைப்பதே நலம். வேனிற்காலத்தில் விடியற்காலையில் வேலை தொடங்குவது இன்னும் நலம்.

ஓரிரு நாளில் கையுறையுடன் வில்லைகளாக அறுத்து, மூங்கில் தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட விட வேண்டும். நீர் வற்றி வில்லை இறுகும், நெடியும் போகும். சோப்பைத் தேய்த்த மஞ்சள் சிவந்தால் காரம் மிகுந்தது என்று சிலர் கூறுவர். எல்லாச் சோப்பும் இயல்பாகவே காரத்தன்மை உடையதாகையால் மஞ்சள் எதிலும் சிவக்கும், அச்சோதனையால் பயனில்லை. வில்லையில் எண்ணெய் கசிந்தாலும், உள்ளே வெள்ளைக் காரத் துகள் தென்பட்டாலும் அதை உடம்பில் போடாது ஒதுக்க வேண்டும்.

ஆட்டுப்பால் சோப்புச் சொறி சிரங்கைத் தீர்க்கும் என்று விற்போர் கூறுவதை நம்ப வேண்டுவதில்லை. 150 கிராம் பாலில் கொழுப்பு, சர்க்கரை, புரதம் எல்லாம் சேர்ந்து 20 கிராம் அளவே இருக்கும். அது நுரைக்கும் வழவழப்புக்கும் சிறிது துணை செய்யும். அழுக்கை நீக்குவது எண்ணெய்ச் சோப்பே. வீட்டார் உபயோகத்திற்கு இது போதுமான நன்மை.

செலவில் பெரும்பங்கு எண்ணெயின் விலை. ஆட்டுடன் தென்னையும் நிலக்கடலையும் உடையவர்கள் சொந்த எண்ணெயை ஆட்டுவித்துக் கொண்டால்தான் கடைச் சோப்பினும் மலிவாக அமையும். எண்ணெயை விலைக்கு வாங்குவோர் முதலில் கணக்குப் பார்ப்பது உத்தமம். விற்பனைக்குச் செய்ய விரும்புவோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். இந்தியாவில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருளாகக் கருதப்படுவதால், 2020-ஆம் வருஷத்திய அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி முன்னதாக உரிமம் பெற்றாக வேண்டும்.